12க்கும் 17க்கும் நடுவில

ரிமோட்டில ஓடுற ட்ரக்குகளில, சில்லும் அச்சும் சேருற இடத்தில ஒரு சின்ன அறுகோணக் கட்டை இருக்கும். அச்சுக்குக் குறுக்கே போற 2 மில்லிமீற்றர் ஊசி அந்தக் கட்டையைப் பிடிச்சுச் சுத்தும், கட்டை சில்லைச் சுத்தும். உண்மையான வாகனத்தில பத்தில் ஒரு பங்கு அளவுள்ள ட்ரக்குகளுக்குப் பெரும்பாலும் இந்தக் கட்டை 12 மில்லிமீற்றர். எட்டில் ஒரு பங்கு எண்டால் 17. இந்த 5 மில்லிமீற்றராலதான் எங்கட வீட்டில ஒரு மாசம் பிரச்சினை.

அக்காவின்ர மகனுக்கு 11 வயசு. கட்டாரில வேலை செய்யிற அத்தான் போன லீவுக்கு வரேக்க கொண்டுவந்த ட்ரக் அது. ரயர் நாலும் வழுக்கையாகி, ரெண்டு றிம்மும் வெடிச்சுப் போச்சு. புதுச் சில்லுகளின்ர விலையைக் கேட்ட அக்கா, "அந்தக் காசுக்குப் பால்மா வாங்கலாம், உதைத் தூக்கிப் பழைய இரும்புக்குப் போடு" எண்டா. பெடியன் ஒண்டும் பேசேல்ல. அப்பா வரேக்க அது ஓடோணும், அவ்வளவுதான்.

என்ர கூட்டாளியிட்ட உடைஞ்ச கார் ஒண்டின்ர சில்லுகள் கிடந்தன. நாலும் புதுசு மாதிரி. ஆனா 17.

உள்ளுக்கு 12, வெளியில 17 எண்டு அலுமினியத்தில செய்த இணைப்புக் கட்டைகள் வெளிநாட்டில வாங்கலாம், வந்துசேரக் காலமெடுக்கும். அதனால தெரிஞ்ச லேத் பட்டறைக்குப் போனம். "தம்பி, லேத் வட்டத்தைத்தான் கடையும். மூலை வேணுமெண்டா அரத்தோடதான் நிக்கோணும்" எண்டார் அண்ணை. சொல்லிப்போட்டு, பெட்டியைக் கிண்டி ஒரு எம்10 போல்ட்டை எடுத்து, அதின்ர தலையைச் சில்லுக்குள்ள வைச்சார். கச்சிதம்.

பழைய டிஐஎன் அளவில எம்10 போல்ட்டின்ர தலை 17 மில்லிமீற்றர். ஐஎஸ்ஓ அளவில 16. ஆகவே நீங்கள் வாங்கப் போனால் 17 சாவியைக் கையோட கொண்டுபோங்கோ. தலையில 8.8 எண்டு அடிச்சிருந்தால் வைச்சிட்டு வாங்கோ, துளைக்கிறது பெரும்பாடு. பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில மண்ணெண்ணெயில மோட்டார் சைக்கிள் ஓட்டின ஊர் இது. அண்ணைக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்லை.

தலையை அறுத்து, நடுவில அச்சுக்கு 5 மில்லிமீற்றர் துளை. ஊசி உக்காருற பள்ளத்துக்கு ரெண்டு வாள் அலகை ஒண்டாச் சேர்த்துப் பூட்டி அறுத்தார். மிச்சத்தைப் பெடியன் அரத்தால ராவினான். பள்ளம் கொஞ்சம் தளர்ந்தாலும், ஒவ்வொருதரம் வேகம் எடுக்கேக்கையும் ஊசி சுத்தியல் மாதிரி அடிச்சு அதைப் பெருசாக்கும். அதால ஊசியைத் தட்டித்தான் இறக்கோணும் எண்ட அளவுக்கு இறுக்கமா விட்டம். 17 சில்லின்ர நடுத்துளை பெருசு, அச்சின்ர எம்4 நட் அதுக்குள்ளாலயே வந்திடும். அதுக்கு நாலு படி வாஷர் கடைஞ்சு தந்தார். இரும்பு பாரமெல்லோ எண்டு கேப்பீங்கள். அச்சுக்குக் கிட்ட இருக்கிற பாரம் பெரிசாப் பாதிக்காது. விளிம்பில இருக்கிற ரயரின்ர பாரம்தான் மோட்டருக்குச் சுமை.

உண்மையான சிக்கல் அங்கதான் இருந்தது. பழைய ரயர் 100 மில்லிமீற்றர் உயரம், இது 115. சில்லு ஒரு சுத்துக்கு 15 வீதம் கூடத் தூரம் போகும், மோட்டர் அவ்வளவுக்கு முக்கும். 20 பல்லு இருந்த மோட்டர்ப் பல்சக்கரத்தைக் கழட்டி 17 பல்லு போட்டம். அதைச் செய்யாமல் சில்லை மட்டும் மாத்தியிருந்தால் ட்ரக் நல்லாத்தான் ஓடும், மோட்டர் எரியும் வரைக்கும்.

முன்சில்லு இப்ப கொஞ்சம் வெளியில நிக்குது. ஸ்ரேறிங்கை முழுசாத் திருப்பினால் ரயர் பொடியில உரசும். பொடியின்ர விளிம்பை வெட்டினால் சரி. பெடியன் வெட்ட விடுறான் இல்லை, அது அப்பா வாங்கினபடியே இருக்கோணுமாம். அதனால ரிமோட்டில திரும்புற அளவைக் குறைச்சு வைச்சிருக்கிறம். இப்ப முத்தத்தில திருப்பிறதுக்கு ரெண்டுதரம் முன்னுக்குப் பின்னுக்கு எடுக்கோணும்.

அத்தான் வர இன்னும் மூண்டு கிழமை. ஒவ்வொரு ஓட்டம் முடியவும் பெடியன் நாலு நட்டையும் இறுக்கிப் பாக்கிறான். அக்கா விறாந்தையில நிண்டு பாத்துக்கொண்டு நிக்கிறா, பழைய இரும்புக் கதையை இப்ப எடுக்கிறதில்லை.