தந்தை தொழில்: நீர்பாய்ச்சி

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் என் நினைவுக்கு வந்தது ஒரு பழைய கூச்சம்தான்.

முதலாண்டு சேர்க்கைப் படிவத்தில் 'தந்தை தொழில்' என்ற இடத்தில் 'விவசாயம்' என்று எழுதினேன். எங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயில் அப்பா நீர்பாய்ச்சி. மடையைத் திறந்து, வயல் வயலாகத் தண்ணீரை முறை வைத்துப் பங்கிடுவது வேலை. அறுப்பு முடிந்ததும் களத்திலேயே நெல்லாகக் கூலி. இதையெல்லாம் படிவத்தில் எழுத மனம் வரவில்லை.

இரண்டாமாண்டு விடுமுறையில் ஊர் இளைஞர்கள் சாவடியில் கூடினார்கள். மழை பெய்தும் கண்மாய்க்குத் தண்ணீர் வரவில்லை. வரத்துக்கால் முழுக்கச் சீமைக்கருவேலம். வீட்டுக்கு ஒரு ஆள் என்று முடிவாயிற்று. இதுதான் குடிமராமத்து. 1858-ல் ஆங்கில அரசு இதற்கென்று சட்டமே போட்டது. 2017-ல் தமிழக அரசு இதே பெயரில் திட்டம் தொடங்கியது.

நான் சிவில் மாணவன் அல்லவா? கொத்தனாரிடம் டியூப் லெவல் வாங்கிக்கொண்டு பெருமையாகக் கிளம்பினேன். அப்பா முன்னே போய் ஓரிடத்தில் குச்சி நட்டார். "இங்கதான் மேடு தட்டுது, வெட்டு" என்றார். அளந்து பார்த்தேன். அரை அடி மேடு!

"எப்படிப்பா தெரிஞ்சுது?"

"போன மழைக்குத் தண்ணி இங்க வந்துதானே திரும்பிப் போச்சு. நான் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன்."

நாலு ஞாயிற்றுக்கிழமை வெட்டினோம். ஐப்பசி மழையில் கண்மாய் பாதி நிறைந்தது. கடைமடைக்குப் போதவில்லைதான். ஆனாலும் இருந்த தண்ணீரை அப்பா சண்டையில்லாமல் பங்கிட்டார். அன்று இரவு சாப்பிடும்போது, "எனக்கப்புறம் இதை யாருடா பாப்பா?" என்று கேட்டார். வேலை தேடிச் சென்னைக்குப் போக இருக்கும் நான் என்ன பதில் சொல்வேன்?

பாலித் தீவில் விவசாயிகள் கூடித் தண்ணீரைப் பங்கிடும் 'சுபக்' முறையை 2012-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இலங்கை வறண்ட மண்டலத்தின் தொடர்குளங்களுக்கு 2017-ல் ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் அங்கீகாரம் கிடைத்தது. படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் பட்டம் கிடைத்தால் போதுமா? எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று தெரிந்த மனிதர் வேண்டாமா?

இப்போது ஊருக்குப் போகும்போதெல்லாம் அப்பா சொல்வதை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். மடைக் கணக்கு, முறைக் கணக்கு, கலுங்கு எப்போது பாயும் என்ற கணக்கு. ஊர்ப் பையன்கள் இருவர் அப்பாவுடன் மடைக்குப் போகத் தொடங்கியிருக்கிறார்கள்.

நண்பர்களே, நம் பாடப்புத்தகத்தில் இல்லாத பொறியியல் நம் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறது. இந்த விடுமுறையில் ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

சென்ற மாதம் வேலைக்கான விண்ணப்பம் ஒன்று நிரப்பினேன். தந்தை தொழில் என்ற இடத்தில் 'நீர்பாய்ச்சி' என்று எழுதினேன். நேர்முகத்தில் அப்படியென்றால் என்ன என்று கேட்டால் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.