அரைப் பேர்

எங்கள் தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. "இன்னைக்குப் பேர் விழுந்துச்சா?" என்று கேட்டால் கூலி உண்டா என்று அர்த்தம். விடிவதற்குள் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய், மலையில் வெட்டி, பால் எடை காட்டிவிட்டு வந்தால் கணக்கப்பிள்ளை செக்ரோலில் ஒரு பேர் போடுவார். பாதியில் இறங்கினால் அரைப் பேர். மழை பிடித்துக்கொண்டால் பால் வெட்டு இல்லை. இரத்தினபுரி மாவட்டத்து மழை தெரிந்தவர்களுக்கு, காவத்தைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒரு முழுப் பேர் எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

அப்பாயி பன்னிரண்டு வயதில் பேர் பதிந்தவள். அப்பாவின் அம்மா. கறுத்து ஒல்லியாக, காதில் தண்டட்டி போட்டிருந்த துவாரம் மட்டும் நீண்டு தொங்கும். தண்டட்டி எந்தப் பஞ்சத்தில் அடகுக் கடைக்குப் போனதோ, அதைப் பற்றி அவள் பேசியதில்லை. லயத்தில் எல்லோரும் தூங்கும்போதே எழுந்து, அடுப்பு மூட்டி, சாயத் தண்ணி வைத்து, முதல் நாள் ரொட்டியைச் சாம்பலில் சுட்டு ஒரு துண்டை எனக்கென்று மூடி வைப்பாள். பிறகு கத்தியைத் தீட்டும் சத்தம். வாசல் இஸ்தோப்பில் படுத்துக்கொண்டே அந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பேன். இன்றும் யாராவது கல்லில் கத்தி தீட்டினால் எனக்குப் பசிக்கிறது.

பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அவள் பின்னால் போவேன். ஒரு பேருக்கு ஏறக்குறைய முந்நூறு மரம். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் இருட்டோடு தொடங்க வேண்டும். மரத்துக்கு மரம் ஓட்டமும் நடையுமாகப் போவாள். இடப்பக்கம் மேலே கத்தியை வைத்து வலப்பக்கம் கீழாக ஒரே இழுப்பு. மெல்லிய சுருளாகப் பட்டை விழும். வெட்டின வழியே வெள்ளைப் பால் கசிந்து, ஓடி, சிரட்டையில் சொட்டத் தொடங்கும்போது அவள் அடுத்த மரத்தில் நிற்பாள்.

ஒருநாள் கெஞ்சிக் கேட்டுக் கத்தியை வாங்கினேன். அழுத்திவிட்டேன் போலிருக்கிறது. அவள் பதறி என் கையைப் பிடித்தாள்.

"தோல மட்டும் எடு ராசா. சதையில படக்கூடாது. பட்டுச்சுன்னா அந்த எடத்துல முடிச்சு விழுந்துரும், பொறவு எவன் வந்தாலும் அங்க வெட்ட ஏலாது."

வெட்டின பட்டை சில வருடங்களில் திரும்ப வளரும். ஒரு பக்கம் வெட்டி முடித்து, மறுபக்கம் போய், மீண்டும் பழைய பக்கத்துக்கு வரலாம். ஒழுங்கான கை வெட்டிய மரத்தில் புதுப் பட்டை வழுவழுவென்று இருக்கும். அப்பாயியின் மலையில் நான் தடவிப் பார்த்த மரங்கள் எல்லாம் அப்படித்தான் இருந்தன. அதைப் பார்த்து யாரும் அவளை மெச்சியதாக நினைவில்லை. செக்ரோலில் அதற்கென்று கட்டம் கிடையாது.

அவள் ஓட்டுப் போட்டது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, 1947இல். புதுச் சேலை கட்டிக்கொண்டு போனதாகச் சொல்வாள். அடுத்த வருடமே எங்களை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. பிறகு ஓட்டும் போயிற்று. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் எழுதினார்கள். அதிலும் பேர்க் கணக்குத்தான். இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர், மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்து வருடம் கழித்து அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். அப்பாயியின் தம்பி இந்தியாவுக்குப் பதிந்து, லயம் லயமாகப் போய்ப் பயணம் சொல்லிவிட்டுத் தலைமன்னாருக்குக் கோச்சி ஏறினார். அப்பாயி இங்கேயே இருக்க எழுதிப் போட்டாள். தள்ளிவிட்டார்கள். "நான் பொறந்தது இந்தக் காம்பராவுலதான். எந்த ஊருக்குத் திரும்பிப் போவ?" என்று யாரிடமோ கேட்பதுபோலக் கேட்பாள்.

1981 ஆகஸ்டில், தமிழருக்கு எதிரான கலவரத்தின்போது, எனக்கு ஆறு வயது. கீழே லயம் எரிகிறது என்று யாரோ ஓடிவந்து சொன்னார்கள். அன்று இரவு முழுக்க ரப்பர் காட்டுக்குள் கிடந்தோம். நான் அழுதுவிடுவேன் என்று அப்பாயி என் வாயைப் பொத்தியிருந்தாள். அந்தக் கையில் புளித்த பால் வாசம். மற்றப் பிள்ளைகளுக்கு அது நாற்றம். எனக்கு அன்றிலிருந்து அதுதான் காவல்.

அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் பலர் பிள்ளைகளைச் சிங்களப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். பயம் ஒரு காரணம், பக்கத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லாதது இன்னொரு காரணம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அப்பாவும் அந்த யோசனையில்தான் இருந்தார். கைநாட்டு வைக்கும் அப்பாயிதான் விடவில்லை. "சிங்களத்தை ரோட்டுலயே படிச்சிருவான். நம்ம எழுத்த ரோட்டுல யாரு சொல்லிக் குடுப்பா?" என்றாள். இரண்டு தோட்டம் தாண்டி இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். மாலையில் குப்பி விளக்கடியில் என்னை வாசிக்கச் சொல்லிவிட்டு, எழுத்துகளின் மேல் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் வந்தது. நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் குறைச்சலாக வாங்கியவள், ஒரு வருடத்துச் சொச்சம் சமமாக வாங்கினாள்.

1985, ரப்பர் கொட்டை வெடிக்கும் காலம். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு டவுனுக்குப் போக வேண்டும். அப்பாவுக்குக் காய்ச்சல். அப்பாயி விடியற்காலையில் பாதி மரத்தை வெட்டிவிட்டு, கூட்டாளிப் பொம்பளையிடம் வாளியைக் கொடுத்துவிட்டு ஓடிவந்தாள். விரல்களில் ஒட்டியிருந்த பாலை நடந்துகொண்டே உரித்துப்போட்டாள். பரீட்சை முடியும்வரை கேட்டுக்கு வெளியே மதிலோரம் குந்தியிருந்தாள். வெளியே வந்ததும், "எல்லாத்தையும் தமிழ்லதான எழுதுன?" என்று மட்டும் கேட்டாள். அந்தப் பரீட்சையில் நான் பாஸாகவில்லை. அது தெரிய அவள் இல்லை.

மூன்று நாள் இருமல், நாலாம் நாள் விடியலில் கத்தி தீட்டும் சத்தம் கேட்கவில்லை.

மழை விடாமல் பெய்தது. தப்பு நனைந்து சத்தம் எழும்பாமல், இஸ்தோப்பில் நெருப்புப் போட்டுக் காய்ச்சிக் காய்ச்சி அடித்தார்கள். அவள் வெட்டிய மரங்களுக்கு ஊடாகத்தான் தூக்கிக்கொண்டு போனோம். மழை என்பதால் அன்று மலையில் ஒருவரும் இல்லை, எல்லாச் சிரட்டையிலும் தண்ணீர். மரணச் சான்றிதழில் இனம் என்ற இடத்தில் இந்தியத் தமிழர் என்று எழுதியிருந்தது. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் 1988இல் வந்தது, 2003இல் இன்னொன்று.

அடுத்த சம்பளத்தன்று அப்பாயியின் கடைசிக் காசை அப்பா வாங்கி வந்தார். சம்பளத் துண்டை வாசிக்கச் சொல்லி என்னிடம் தந்தார். ஒன்பதரைப் பேர்.

"ஒரு நாளும் பாதியில எறங்க மாட்டாங்களே. அது என்ன அரை?" என்றாள் அம்மா.

எனக்குத் தெரியும். சொல்ல வாய் திறந்தேன், வரவில்லை.