கலங்கிய வோர்ட், ஒரு சொட்டு அயோடின்

அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் நண்பர் ஒருவர் தன் வீட்டுக் கார் ஷெட்டில் பீர் காய்ச்சுகிறார். மால்ட் சாறை டின்னில் வாங்கிக் கரைப்பவர் இல்லை. முழு பார்லி மால்ட்டை அரைத்து, ஊறவைத்து, வடித்து எடுப்பவர். சில மாதங்களாக வோர்ட், அதாவது அப்படி வடித்தெடுக்கும் மால்ட் சாறு, தெளிவாகவே வருவதில்லை என்று சொன்னதால், அவர் காய்ச்சும் நாளில் போய் நின்றேன்.

5 கிலோ மால்ட், பெரிய ஐஸ் பெட்டி ஒன்றில் வெந்நீரோடு ஒரு மணி நேரமாக ஊறிக்கொண்டிருந்தது. அடிக்குழாயை முழுக்கத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்தார். டம்ளருக்குப் பின்னால் வைத்த விரல் எனக்குத் தெரியவில்லை.

குழாயைக் கால்வாசிக்கு மூடச் சொன்னேன். பெட்டியின் அடியில் துளைத்தகடு இருந்தாலும், வோர்ட்டை உண்மையில் வடிகட்டுவது அதன்மேல் படியும் உமிப்படுகைதான். வேகமாக இழுத்தால் படுகை இறுகிவிடும், மாவும் சேர்ந்து இறங்கும். முதலில் வந்த நாலைந்து லிட்டரை ஒரு தட்டின் மேல் மெதுவாக ஊற்றித் திரும்ப மேலேயே விட்டோம். மிதந்த உமித் துணுக்குகள் போய்விட்டன. வெண்மையான கலங்கல் மட்டும் அப்படியே நின்றது.

இந்த இடத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். கலங்கல் எல்லாம் ஒன்றில்லை. புரதத்தால் வருவது கொதியிலும், பிறகு குளிரவைக்கும்போதும் திரண்டு பெரும்பகுதி அடியில் தங்கிவிடும். மாவுச்சத்தால் வருவது அப்படிப் போகாது, பீர் வரை கூடவே வரும். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது.

வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு ஸ்பூன் வோர்ட்டை விட்டு ஆறவைத்தோம். உமி ஒட்டாமல் எடுக்க வேண்டும். உமித் துண்டு எப்போதும் கறுக்கும், அதை வைத்து ஏமாந்துவிடுவோம். ஒரு சொட்டு அயோடின் விட்டதும் ஓரத்தில் ஊதா படர்ந்து, நடுவில் மைபோலக் கறுத்தது. மாவுச்சத்து இன்னும் சர்க்கரையாக மாறவில்லை. சோதித்ததைக் கொட்டிவிட வேண்டும், ஊறலில் திரும்பச் சேர்க்கக் கூடாது.

"67 டிகிரியில் சரியாக ஒரு மணி நேரம் வைத்தேனே" என்றார் நண்பர். நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த குவளையில் அவருடைய தெர்மாமீட்டரை முக்கினேன். பூஜ்யம் காட்ட வேண்டியது 5 காட்டியது. ஆக, ஊறல் தொடங்கியதே 62-இல்தான். குளிர்ந்த ஷெட்டில் அது மேலும் இறங்கியிருக்கிறது. பார்லியின் மாவுச்சத்து இளகவே ஏறக்குறைய 60 முதல் 65 டிகிரி வேண்டும். இளகாத மாவை நொதியால் எளிதில் உடைக்க முடியாது.

கொதிநீர் சேர்த்துக் கிளறி, உண்மையான 68-க்கு ஏற்றினோம். அரை மணி கழித்து அயோடின் தன் பழுப்பு நிறத்திலேயே நின்றது. படுகையை மறுபடி படியவிட்டுச் சுற்றிவிட்டபோது, தேன்நிறத்தில் தெளிந்து இறங்கியது. அலசி எடுக்கும் வெந்நீர் 77-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டோம். அதிகச் சூடு உமியின் துவர்ப்பை இழுத்து வந்துவிடும்.

காத்திருந்த நேரத்தில் மீந்திருந்த அரைத்த மால்ட்டை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தேன். விரலெல்லாம் மாவு. உமி முழுசாக நிற்காமல் பொடிந்திருந்தது. சர்க்கரை கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று மில்லின் உருளைகளை நெருக்கி வைத்திருக்கிறார். 1 மில்லிமீட்டர் அளவுக்குத் தளர்த்தச் சொன்னேன். உமி பிழைத்தால்தான் படுகை பிழைக்கும். அதற்காகக் கொஞ்சம் சர்க்கரையை விட்டுக்கொடுப்பதில் எனக்கு வருத்தமே இல்லை.

ஊர்த் தண்ணீரும் ஒரு காரணம். போர்ட்லண்டுக்கு வரும் புல் ரன் நீர் மிக மென்மையானது, கால்சியம் சொற்பம். புரதம் நன்றாகத் திரளக் கால்சியம் துணை செய்யும் என்பதால் கொஞ்சம் ஜிப்சம் சேர்ப்பது நல்லது. கொதியின் கடைசிக் கால் மணியில் ஐரிஷ் மாஸ் என்ற கடற்பாசியைப் போட்டதும், வோர்ட்டில் திரிதிரியாகப் புரதம் பிரிவது கண்ணுக்கே தெரிந்தது.

அடுத்து பாதிக்குப் பாதி கோதுமை மால்ட் போட்டுக் காய்ச்சப்போவதாகச் சொன்னார். கோதுமைக்கு உமி கிடையாது. கழுவிய நெல் உமி அங்கே காய்ச்சும் பொருள் கடைகளிலேயே கிடைக்கிறது. 5 கிலோவுக்குக் கால் கிலோ கலந்தால் போதும், வடிகட்டல் அடைக்காது.