ரம்மி சண்டைக்கு நடுவே ஒரு கோவா கணக்கு



நம் பழைய மாணவர் குழுவில் மூன்று நாளாக ரம்மி சண்டை ஓடுகிறது. ஆன்லைனில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டு நிறுத்தியது சரியா தவறா என்று. "திறமை ஆட்டத்தை எப்படி சார் சூதுன்னு சொல்லலாம்? நீங்களே சொல்லுங்க" என்று ஒருவன் என்னைக் கூப்பிட்டுவிட்டான். குழுவில் பதில் எழுதினால் நாலு வரிக்குள் யாராவது குட் மார்னிங் படம் போட்டு மூடிவிடுவீர்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்.

கேட்டவன் சும்மா கேட்கவில்லை. ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொல்லிவிட்டது. நம் மாநில அரசு 2021-ல் கொண்டுவந்த தடையை அதே வருடம் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2023-ல் மறுபடி ஒரு சட்டம் வந்தது. அந்த நவம்பரிலேயே, ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம், அவற்றுக்கு இந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. பிறகு 2025 தொடக்கத்தில், இரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடக் கூடாது என்று மாநிலத்தில் விதி போட்டார்கள். கடைசியில் மத்திய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே தூக்கி ஓரம் வைத்துவிட்டது. பணம் கட்டி, பணம் ஜெயிக்க ஆடுவதா? அப்படியானால் ஆன்லைனில் கிடையாது. அவ்வளவுதான்.

நான் சீட்டைக் கண்டால் முகம் சுளிக்கிற ஆள் இல்லை. கூட்டேரிப்பட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது முடியுமா? சாவு வீட்டில் ராத்திரி கண்விழிக்க வாசலில் பாய் போட்டு, ஒரு பக்கம் பறை, ஒரு பக்கம் சீட்டு. பொங்கலுக்குத் தோப்பில் ரம்மி. பங்குனி உத்திரத்துக்கு மயிலம் மலைக்குக் கூட்டம் போகும்போது ரோட்டோரம் துண்டை விரித்து உள்ளே வெளியே போடுகிறவர்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். என் அப்பா முந்நூற்று நாலில் கெட்டிக்காரர். காசு வைக்கமாட்டார், தோற்றவன் டீ வாங்கித் தரவேண்டும்.

இப்போது கோவா கதை. 2023 ஜனவரியில் பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் குடும்பத்தோடு என்னையும் அழைத்துப் போனான். பனாஜியில் மாண்டோவி ஆற்றில் சூதாட்டக் கப்பல்கள் நிற்கின்றன. நம் நாட்டில் கேசினோவுக்கு அனுமதி உள்ள இடங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவைதான். கோவா அதில் ஒன்று. கோவாக்காரர்களே உள்ளே போய் ஆடக் கூடாது என்று 2020-ல் அவர்கள் அரசு உத்தரவு போட்டது. வெளியூர்க்காரன் பணம் வரலாம், உள்ளூர்க்காரன் பணம் போகக் கூடாது! இதைவிடத் தெளிவாக இந்த வியாபாரத்தை யாரும் விளக்க முடியாது.

"மாமா, ஒரு ராத்திரி வந்து பாருங்க. நான் போக்கர் ஆடுவேன், நீங்க பக்கத்துல உக்காருங்க" என்றான். சின்னப் படகில் ஏற்றிக் கப்பலில் விட்டார்கள். சாப்பாடு தாராளம். சுவரில் கடிகாரம் மட்டும் என் கண்ணில் படவில்லை.

போக்கர் தெரியாதவர்களுக்கு: ஆளுக்கு 2 சீட்டு மூடியபடி. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் 3, பிறகு 1, பிறகு 1 என்று 5 சீட்டு திறப்பார்கள். 7-ல் சிறந்த 5 யாருடையதோ அவருக்குப் பணம். ஒவ்வொரு முறை திறப்பதற்கு முன்னும் பின்னும் பந்தயம் கட்டலாம், ஏற்றலாம், சீட்டைப் போட்டுவிட்டு விலகலாம். "நோ லிமிட்" என்றால் எந்த நேரத்திலும் முன்னால் இருக்கிற மொத்தத்தையும் தள்ளிவிடலாம். நாங்கள் உட்கார்ந்தது அங்கே இருந்ததில் சின்ன மேசை. கட்டாயக் கட்டு 100, 200. ஒன்பது பேர், ஆளுக்கு ஏறக்குறைய 20,000 ரூபாய் சில்லு. சின்ன மேசையே நம் ஊரில் ஒரு கறவை மாட்டுக்கு முன்பணம்.

மருமகன் நிதானமாக ஆடினான். பத்து கையில் ஏழெட்டு கையைப் பார்த்ததும் தூக்கிப் போட்டுவிடுவான். ஒரு தடவை கையில் இரண்டு ஆர்ட்டின், நடுவிலும் இரண்டு ஆர்ட்டின். இன்னும் ஒன்று வந்தால் ஐந்தும் ஒரே ஜாதி. நடுவில் 3,000 கிடந்தது, எதிராளி 3,000 கட்டினான். என் காதில் கணக்கு சொன்னான்: தெரியாத சீட்டு 47, அதில் ஆர்ட்டின் 9. ஐந்தில் ஒன்றுகூட முழுசாக இல்லை. 3,000 போட்டால் கிடைக்கப்போவது 6,000. மூன்றில் ஒரு தடவையாவது வந்தால்தான் கட்டுப்படி ஆகும். போட்டுவிட்டான். அடுத்து வந்த சீட்டு ஆர்ட்டின் ஏழு. அவன் சிரித்தான், எனக்குத்தான் வயிறு எரிந்தது.

இரண்டு இருக்கை தள்ளி ஒரு பையன். முப்பது வயதுக்குள் இருக்கும். செல்போனில் "இன்னாடா, அப்பறம் பேசறேன்" என்றதும் நிமிர்ந்து பார்த்தேன். நம்ம பக்கத்துப் பேச்சு. எந்தூர் தம்பி என்றேன். செஞ்சி பக்கமாம். நான் வாத்தியார் என்று தெரிந்ததும் கையில் இருந்த சில்லை மேசையில் வைத்துவிட்டு "வணக்கம் சார்" என்றான். எங்கே போனாலும் இது ஒன்று மட்டும் நமக்குக் கிடைத்துவிடுகிறது.

நள்ளிரவு தாண்டி இருக்கும். பையனிடம் அப்போது 31,000 இருந்தது. கையில் இரண்டு ராஜா. மொத்தத்தையும் தள்ளினான். எதிரே ஒருவர் ஏற்றுக்கொண்டார். சீட்டைத் திறந்தார்கள். அவரிடம் ஏஸும் ராணியும். பத்துக்கு ஏழு தடவை ராஜாதான் ஜெயிக்கும் என்றான் மருமகன். நடுவில் நாலு சீட்டு திறந்தாயிற்று, அவருக்கு ஒன்றும் சேரவில்லை. மீதி 44 சீட்டு. பையனைத் தோற்கடிக்க அதில் 3 ஏஸ்தான் உண்டு. ஐந்தாவதாக ஏஸ் வந்தது.

யாரும் சத்தம் போடவில்லை. பையன் எழுந்து கவுன்டருக்குப் போனான். கார்டைத் தேய்த்து 20,000 வாங்கி வந்தான். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு இன்னொரு 20,000. மூன்றாவது தடவை எழுந்தபோது நான் பின்னாலேயே போனேன். "போதும்பா, வா, வெளியில நின்னு காத்து வாங்கலாம்" என்றேன். மேல்தளத்தில் நின்றோம். பனாஜி விளக்கெல்லாம் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது.

"நான் தப்பா ஆடல சார்" என்றான்.

அவன் சொன்னது உண்மை. பிறகு மருமகனிடம் கேட்டேன், அவனும் அதைத்தான் சொன்னான். அந்தக் கையை யார் ஆடினாலும் அப்படித்தான் ஆடவேண்டும். லாட்டரியில் தோற்றவன் நேரம் சரியில்லை என்று தலையில் அடித்துக்கொள்வான். ஒருநாள் சலித்து விட்டுவிடவும் வாய்ப்பு உண்டு. நான் சரியாகத்தான் ஆடினேன் என்று தெரிந்தவன் எதற்காக எழுந்திருப்பான்? அவனுக்கு அடுத்த கை வந்தே ஆகவேண்டும். திறமை ஆட்டம் என்று வாதாடும் பிள்ளைகளே, எனக்கு உங்கள் திறமைமேல் சந்தேகம் இல்லை. என் பயமே அந்தத் திறமைமேல்தான்.

இன்னொரு கணக்கும் பார்த்தேன். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் சீட்டுப் போடும் பெண் நடுவில் உள்ள பணத்திலிருந்து சில சில்லுகளை எடுத்து மேசை ஓரத்து ஓட்டையில் போடுவாள். வீட்டுப் பங்கு. நம் ஊர் சீட்டாட்டக் கிளப்பில் வாங்குகிற கமிஷன் மாதிரிதான். கை பழக்கதோஷம், மனதுக்குள்ளே எண்ணிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் 24 ஆட்டம். சுமாராக ஆட்டத்துக்கு 200 ரூபாய். ஆக மணிக்கு 4,800. ஒன்பது பேரும் கொண்டுவந்தது 1,80,000. வகுத்துப் பாருங்கள். யாரும் புதிதாகப் பணம் கொண்டுவராமல் முப்பத்தேழரை மணி நேரம் ஆடினால் மேசையில் ஒரு சில்லு மிஞ்சாது. அந்தப் பெண் ஒரு கைகூட ஆடியிருக்கமாட்டாள். மருமகன் ஐந்தரை மணி நேரம் அவ்வளவு சுத்தமாக ஆடி, 2,300 ரூபாய் குறைவாகத்தான் எழுந்தான். "நல்ல நாள் மாமா" என்றான்!

செல்போனில் இது இன்னும் மோசம். கப்பலுக்கு டிக்கெட் எடுக்கவேண்டும், படகில் ஏறவேண்டும், ஒரு கை முடிய இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். போனில் கழனியில் மோட்டார் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தே நாலு கை ஆடிவிடலாம். பக்கத்தில் இருக்கிறவனுக்குக்கூடத் தெரியாது. போதும்பா என்று சொல்லப் பின்னால் எழுந்து வருகிற ஆளும் கிடையாது.

நம் மாவட்டத்துக்கு இதெல்லாம் புதிது இல்லை. தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியைத் தடை செய்தார்கள். ஆனாலும் மூன்று நம்பர் லாட்டரி திருட்டுத்தனமாக ஓடியது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் நகை வேலை செய்த ஒரு மனிதரின் குடும்பமே, மூன்று பெண் குழந்தைகளோடு, போய்விட்டதே, மறந்திருக்கமாட்டீர்கள். தடை போட்டால் எல்லாம் நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. இந்தப் புதிய சட்டமும் கப்பலைத் தொடாது, அது அந்தந்த மாநிலத்தின் பாடு. ஆனால் பையில் இருக்கும் போனிலிருந்து அது போவது நல்லதுதான் என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதலாம், கோபித்துக்கொள்ளமாட்டேன்.

அந்தச் செஞ்சிப் பையன் அன்று மூன்றாவது தடவை கவுன்டருக்குப் போகவில்லை. மேல்தளத்திலேயே நின்று அவன் பள்ளிக்கூடம், அப்பாவின் மணிலாக் கழனி, தங்கச்சி கல்யாணம் என்று பேசிக்கொண்டிருந்தான். விடிகாலைப் படகில் எங்களோடுதான் வந்தான். என் நம்பரை வாங்கிக்கொண்டான். பொங்கலுக்கும் ஆசிரியர் தினத்துக்கும் வாழ்த்து வருகிறது. இந்தச் செப்டம்பரில் வந்த வாழ்த்தோடு, தங்கச்சிக்கு ஆண் குழந்தை என்று ஒரு படமும் அனுப்பியிருந்தான்.