அழைப்பும் ஐ-20 படிவமும்

பிப்ரவரி 9

எங்கள் பள்ளி மிகச் சிறியது. சாலை எட்டாத ஊர்களுக்கு ஊழியர்களையும் மருந்தையும் நோயாளிகளையும் சுமக்கும் சின்ன விமானங்களைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுக்கிறோம். காலையில் வேதபாடம், பிறகு பட்டறை. வெளிநாட்டிலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்க வருகிறவர்களுக்கு, மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவம் தயாரித்துக் கொடுப்பது என் வேலை.

வந்திருந்த கடிதங்களில் மறுபடியும் அதே கேள்வி: "ஆர்-1 விசாவில் வரலாமா?" மத ஊழியர் விசா என்ற பெயரால் வரும் மயக்கம் இது. இங்குள்ள சபையோ மத அமைப்போ வேலைக்கு அமர்த்திக்கொள்பவருக்குத்தான் ஆர்-1. அதற்கும் அந்தச் சபைப் பிரிவில் இரண்டு ஆண்டாவது உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். பட்டப்படிப்புக்கு இறையியல் கல்லூரியில் சேருகிறவருக்கு எஃப்-1. எங்களுடையதைப் போன்ற தொழிற்பயிற்சிக்கு எம்-1. மாணவர் விசாக்களில் இதற்குத்தான் கெடுபிடி அதிகம். படிக்கும்போது வேலை பார்த்துச் சம்பாதிக்க முடியாது. இங்கே வந்தபின் எஃப்-1க்கு மாற முடியாது. சேர்ந்த பயிற்சியை விட்டு வேறொன்றுக்குத் தாவவும் வழியில்லை.

மார்ச் 11

2002இல் இதே நாளில் ஃப்ளோரிடாவின் வெனிஸ் நகரிலிருந்த விமானப் பயிற்சிப் பள்ளிக்குக் குடிவரவுத் துறையிலிருந்து தபால் வந்தது. முகமது அட்டா, மர்வான் அல் ஷெஹி இருவருக்கும் மாணவர் தகுதி வழங்கப்பட்டதாக அதில் இருந்தது. செப்டம்பர் 11 தாக்குதலில் விமானங்களை ஓட்டிச்சென்று மோதிய அவர்கள் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அவர்கள் கேட்டிருந்ததும் எம்-1தான். நாடே கொதித்தது. மாணவர் ஒவ்வொருவரையும் கணினியில் பின்தொடரும் சீவிஸ் முறை 2003இல் நடைமுறைக்கு வந்தது. விமானம் என்று எழுதிய விண்ணப்பத்தை விசா அதிகாரி இரண்டு முறை படித்தால் நான் குறைசொல்ல மாட்டேன்.

மார்ச் 26

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு போதகர் போன் செய்தார். சபைப் பையன் ஒருவனை அனுப்ப ஆசை.

"பணத்துக்குக் கவலையில்லம்மா. சபையே தாங்கும். மாசாமாசம் காணிக்கை எடுத்து அனுப்பிருவோம்."

"ஐயா, மாசாமாசம் வரும்னு சொன்னா அங்க ஒத்துக்க மாட்டாங்க. எம்-1க்குப் படிப்பு முடியுற வரைக்குமான மொத்தச் செலவையும் இப்பவே காட்டணும்."

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. அந்தச் சபையில் பலருக்கும் பீடிக்கூலிதான் வருமானமாம். அவர்கள் வார்த்தை மாறாதவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த உறுதியை நான் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவேன்? அங்கே வங்கி இருப்புக்குத்தான் இடம் இருக்கிறது.

ஏப்ரல் 17

பப்புவா நியூ கினியின் மலைப்பகுதி இளைஞருக்கு விசா மறுப்பு. நான் மிகவும் எதிர்பார்த்த மாணவர் அவர். அந்த நாட்டில் தலைநகரிலிருந்து மலைப்பகுதிக்குச் சாலையே கிடையாது. பல ஆண்டுகளாகவே மிஷன் விமானங்கள் அங்கே பறக்கின்றன. அவர் ஊருக்கு மருந்து வருவதும் அப்படித்தான்.

படிப்பு முடிந்ததும் என்ன செய்வீர்கள் என்று அதிகாரி கேட்டிருக்கிறார். "கர்த்தர் எங்கே அனுப்பினாலும் போவேன்" என்று இவர் சொல்லியிருக்கிறார். நேர்காணல் அத்துடன் முடிந்தது.

சபையில் அந்தப் பதிலுக்கு எல்லாரும் ஆமென் சொல்லியிருப்பார்கள். ஆனால் அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவு, மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கிற ஒவ்வொருவரையும் நிரந்தரமாகத் தங்க வருகிறவராகவே முதலில் கொள்கிறது. இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு விண்ணப்பதாரர் தலையில். எங்கே போவேன் என்று தெரியாத ஒருவரை அது ஊர் திரும்புகிறவராக ஏற்பதில்லை. மேல்முறையீடும் கிடையாது.

ஏப்ரல் 18

அந்தப் பதில் ஏன் போதவில்லை என்று இரவு அந்த இளைஞருக்கு விளக்கினேன். "அப்படியானால் பொய் சொல்லச் சொல்கிறீர்களா?" என்று கேட்டார். நேர்மையான கேள்வி. இல்லை என்றேன். அவர் ஊர் ஓடுதளத்தைப் பற்றிக் கேட்டேன். தாத்தா காலத்தில் ஊரார் மண்வெட்டியால் சமன்செய்த புல்தரையாம். விமானம் பழுதானால் பக்கத்தில் சரிசெய்ய ஆளில்லை. அந்த வேலைக்குத் திரும்பி வா என்று உள்ளூர் சபை கடிதமே கொடுத்திருக்கிறது. அதை அவர் நேர்காணலில் சொல்லவேயில்லை! எதிர்காலத்தைத் தானே தீர்மானிப்பது அகந்தை என்று நினைத்திருக்கிறார். அவருடைய ஊழிய அழைப்புக்கு ஓர் ஊர் இருக்கிறது, அதைப் பெயர் சொல்லிச் சொன்னால் போதும்.

மறுபடி விண்ணப்பிக்கிறார். சீவிஸ் கட்டணம் 350 டாலர் பன்னிரண்டு மாதத்துக்குள் மீண்டும் செல்லும். விசாக் கட்டணம் 185 டாலரைப் புதிதாகக் கட்டியாக வேண்டும். அங்கே அது ஒரு குடும்பத்துக்குப் பெரும் பணம்.

மே 6

நிர்வாகக் கூட்டம். விசா கிடைக்காதவருக்குச் சேர்க்கைக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று வாதாடினேன். ஒத்துக்கொண்டார்கள். ஊழியத்துக்கு ஆள் எடுக்கும் எந்தப் பள்ளியும், மாணவர் உள்ளே வர முடியாத வகுப்புக்கு அவர் பணத்தை வைத்துக்கொள்வது தகாது என்றே நினைக்கிறேன்.

பிள்ளைகளை அனுப்ப நினைக்கும் சபைகளுக்கு ஒரு வேண்டுகோள். முழுச் செலவையும் முன்கூட்டியே வங்கியில் சேர்த்து வையுங்கள். திரும்பி வந்து எந்த ஊரில் என்ன வேலை செய்வார் என்று கடிதம் கொடுங்கள். சுற்றுலா விசாவில் போய்ப் படித்துக்கொள் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். நேர்காணலுக்கு முன் அவரோடு ஜெபியுங்கள், அந்தக் கடிதத்தையும் அவரோடு உட்கார்ந்து ஒருமுறை வாசியுங்கள்.