எங்கள் ஊரிலும் பனி பெய்கிறது

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று எழும்பிவிட்டால், கல்முனையில் ஆசிரியனுக்குத் தொண்டை வலிமை வேண்டும். கூரைத் தகட்டில் மழை கொட்டும்போது அதனோடு போட்டியிட்டே பாடம் நடத்த வேண்டியிருக்கும். அண்மையில் அப்படியொரு மாரி நாளில் நீர்வட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தேன்.

“சேர், எங்கட ஊரிலயும் பனிமழை பெய்யுமா?” என்றான் சம்மாந்துறையிலிருந்து வரும் மாணவன் ஒருவன். அவன் கருதியது மார்கழி விடியலின் பனியை அன்று. படங்களிற் காணும் வெண்பனியை. வகுப்பு சிரித்தது.

“பெய்கிறது, இந்தக் கணத்திலும் பெய்துகொண்டிருக்கலாம்” என்றேன். சிரிப்பு அடங்கிற்று.

வேடிக்கைக்காகச் சொன்னதன்று. வாடை கடலிலிருந்து சுமந்து வரும் நீராவி, மேலெழுந்து குளிர்கையில் உப்புத் துகளையும் தூசியையும் பற்றிக்கொண்டு நுண்துளிகளாக ஒடுங்குகிறது. அதுவே முகில். ஒரு மழைத்துளிக்கு ஏறத்தாழ 10 இலட்சம் நுண்துளிகள் சேரவேண்டும். தாழ்ந்த முகிலில் அவை மோதிக் கலந்தே பெருக்கின்றன. இடிமுகிலின் கதை வேறு. நமக்கு மேலே ஏறத்தாழ 5 கிலோமீற்றர் உயரத்தில் வெப்பநிலை 0 பாகைக்கு இறங்கிவிடும்; இடிமுகிலோ 10 கிலோமீற்றரையும் கடந்து ஓங்கும். அங்கே பிறக்கும் பனிப்படிகங்கள், சூழ்ந்துள்ள குளிர்துளிகளிலிருந்து எழும் ஆவியை வாங்கிப் பருக்கின்றன. 1930களில் சுவீடன் நாட்டு அறிஞர் பேர்யெரோன் விளக்கிய முறை இது. கனத்து வீழும் பனி, கீழேயுள்ள வெப்பவளியில் உருகி மழையாகிறது. நம் முற்றத்துப் பெருந்துளிகளுட் பல மேலே பனியாயிருந்தவை.

நிலத்தை எட்டுமுன் உருகிவிடுவதால் வரும் வேறுபாடு சிறிதன்று. இமயத்தின் பனி மலைமீது மாதக்கணக்காய்க் கிடந்து, கோடையில் உருகிச் சிந்துவுக்கும் கங்கைக்கும் சிறுகச் சிறுக நீரூட்டும். நமக்கு அந்தச் சேமிப்பு இல்லை. மாரி தருவதையெல்லாம் உடனே தந்துவிடுகிறது. ஆதலாற்றான் நாம் குளங்களை நம்பினோம். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் இங்கினியாகலையில் உருவான சேனநாயக்க சமுத்திரத்தின் நீர்தான், கச்சான் வீசும் காலத்தில் சம்மாந்துறை வட்டைகளில் சிறுபோகத்தைக் காக்கிறது. அதனை எங்கள் பனிமலை என்று ஒரு போடியாரிடம் சொன்னேன். “பனியோ மலையோ, வாய்க்காலில தண்ணி வந்தாச் சரி” என்றார்.

ஆனால் குளத்துக்குக் கீழே, வயல்வெளியிலேயே கொட்டும் மழையை எந்தக் குளம் தாங்கும்? 2024 நவம்பர் 26 அன்று, தாழமுக்கம் கொணர்ந்த பெருமழையில், காரைதீவு–சம்மாந்துறை வீதியை மாவடிப்பள்ளியில் வெள்ளம் மூடியது. நிந்தவூர் மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. பிள்ளைகள் பலர் வீடு சேரவில்லை.

இதை வகுப்பில் நான் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரியும். அந்த மாணவனே மறுபடி எழுந்தான்.

“சேர், முகிலைப் பாத்து எவ்வளவு மழை வருமெண்டு சொல்லேலுமா?”

“சரியாகச் சொல்ல முடியாது” என்றேன். பின்னர் வெண்பலகையில் ஒரு கணக்கை எழுதினேன்: ஒரு கனமீற்றர் நீரின் நிறை 1,000 கிலோகிராம். முழங்காலளவு நீர் வீதியைக் குறுக்கறுத்து ஓடினால், ஒவ்வொரு கணமும் நம் காலை எவ்வளவு நீர் மோதுகிறது? பிள்ளைகள் மௌனமாகக் கணக்கிட்டார்கள்.

மணி அடித்த பின்பும் மழை விடவில்லை. அவன் தொலைபேசியில் உம்மாவிடம் பேசினான். அன்றிரவு கல்முனையில் சாச்சி வீட்டில் தங்குவதாகச் சொன்னான்.