தோட்டத்தில் ஓடுகிறது எங்கள் மீட்டர்கேஜ்!

ரிடையர் ஆன ஆண்கள் ஏதாவது ஒரு பொழுதுபோக்கைப் பிடித்துக்கொண்டால் வீட்டுப் பெண்களுக்குக் கொஞ்சம் கலக்கம்தான். பணம் கரையும், இடம் அடையும், கடைசியில் துடைத்து வைக்கிற வேலை நம் தலையில் விழும்! எங்கள் வீட்டுக்கு அது ரயில் வண்டியாக வந்து சேர்ந்தது. மேஜை மேல் ஓடுகிற குட்டி ரயில் இல்லை. தோட்டத்து மண்ணில், செடிகளுக்கு நடுவே, தூறலிலும் ஓடுகிற பெரிய மாடல் ரயில். இங்கிலாந்து, ஜெர்மனி, அமெரிக்கா போன்ற இடங்களில் எத்தனையோ வீட்டுத் தோட்டங்களில் இதைப் பார்க்கலாம்.

நாங்கள் இருப்பது லண்டனுக்கு வெளியே ஒரு சின்ன ஊரில். வீட்டின் பின்னால் நாற்பதடி நீளத்துக்குத் தோட்டம். 2017-ல் இவருக்கு மாரடைப்பு வந்தது. இரண்டு ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். உடம்பு தேறிவிட்டது, மனசு தேறவில்லை. "தினமும் நடக்க வேண்டும்" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். இவரோ வாசற்படி தாண்ட மாட்டேன் என்றார். "வழியில ஏதாவது ஆயிட்டா யாரு பார்ப்பா?" என்பார். நாற்காலி, டி.வி., மாத்திரை டப்பா, இவ்வளவுதான் உலகம். நான் கெஞ்சிப் பார்த்தேன், அதட்டியும் பார்த்தேன். மகளை விட்டு போனில் சொல்லச் சொன்னேன். ஊஹூம்!

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டுப் பெரியவர் தம் மகனோடு போய் இருக்க முடிவு செய்தார். தோட்டத்தில் போட்டிருந்த ரயிலைப் பிரித்து, இரண்டு அட்டைப்பெட்டி நிறையத் தண்டவாளம், ஓர் எஞ்ஜின், மூன்று கோச் எல்லாவற்றையும் எங்கள் வாசலில் கொண்டுவந்து வைத்தார். இவர் ஒரு தண்டவாளத் துண்டை எடுத்து ஸ்கேல் வைத்து அளந்தார். உள்ளிடைவெளி 45 மில்லிமீட்டர். பெட்டியில் 1:22.5 என்று போட்டிருந்தது. மனக்கணக்காகப் பெருக்கிவிட்டு, "ஏம்மா, இது நம்ம மீட்டர்கேஜ்!" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அந்தக் குரலை அன்றுதான் கேட்டேன்.

மாயவரத்துக்காரர் இவர். மீட்டர்கேஜ் வண்டியில் பள்ளிக்கூடம் போனவர். அந்தப் பாதைகளெல்லாம் அகலப்பாதையாகிவிட்டன. தமிழ்நாட்டில் இன்று மீட்டர்கேஜில் வண்டி ஓடுவது மேட்டுப்பாளையம் - ஊட்டி மலைப்பாதையில் மட்டும்தான். அந்த மீட்டர் அகலத்தைத்தான் இருபத்திரண்டரையில் ஒரு பங்காகச் சுருக்கியிருக்கிறார்கள். இந்தக் கணக்கில் ஐந்தரை அடி மனுஷர் ஏழரை சென்டிமீட்டர் உயரம் இருப்பார்.

இந்த ரயிலைச் செய்தது ஜெர்மனியில் நூரம்பெர்க் நகரத்து லேமன் கம்பெனி. 1881-ல் தகரப் பொம்மைக்காரர்களாக ஆரம்பித்தவர்கள். 1968-ல் எல்.ஜி.பி. என்ற பெயரில் இந்தப் பெரிய ரயிலைக் கொண்டுவந்தார்கள். மழை வெயிலுக்குத் தாங்கும்படி பித்தளையில் தண்டவாளம், வெயிலில் வெளுக்காத பிளாஸ்டிக்கில் கட்டைகள் என்று செய்ததால் ரயில் வீட்டை விட்டுத் தோட்டத்துக்கு இறங்கியது. 2006-ல் கம்பெனி நொடித்துப்போய், மறு வருஷம் மார்க்ளின் என்ற இன்னொரு ஜெர்மன் கம்பெனி அதை வாங்கிக்கொண்டது. பழைய வண்டிகள் இன்றும் கெட்டியாக ஓடுகின்றன.

சரி, எப்படிப் போட்டோம்? எனக்குத் தோட்டம் உயிர். ரோஜாப் பாத்தியில் கை வைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். இவருக்கோ மாத்திரை காரணமாகக் குனிந்து நிமிர்ந்தால் தலை சுற்றும். அதனால் ஆள் வைத்து, வேலி ஓரமாக இடுப்பு உயரத்துக்குச் செங்கல் பாத்தி கட்டினோம். அதற்குள் மண், மேலே களை வராமல் இருக்க ஒரு துணி, அதன் மேல் பொடி ஜல்லி. ஜல்லிப் படுகையில்தான் தண்டவாளம் உட்கார்ந்திருக்கிறது. சிமென்ட் வைத்து இறுக்கக் கூடாது. பித்தளை வெயிலில் நீளும். பத்து மீட்டர் நீளத் தண்டவாளம் 30 டிகிரி வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஆறு மில்லிமீட்டர் நீண்டுவிடும். நகர இடம் இல்லாவிட்டால் வளைந்து தூக்கிக்கொள்ளும்.

ஏற்றமும் கவனிக்க வேண்டும். நூறு சென்டிமீட்டர் ஓட்டத்துக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று சென்டிமீட்டர் உயர்வு போதும். அதற்கு மேல் போனால் எஞ்ஜின் சக்கரம் வழுக்கும். வளைவு எவ்வளவு அகலமோ அவ்வளவு அழகு. நாலடி விட்டமுள்ள வட்டத்திலும் சின்ன எஞ்ஜின் ஓடும். ஆனால் நீளமான கோச்சுகள் அதில் திணறும்.

வீட்டு மின்சாரம் தோட்டத்துக்குப் போவதில்லை. டிரான்ஸ்பார்மர் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. தண்டவாளத்துக்கு வருவது 24 வோல்ட்டுக்கு மேற்படாத நேர்மின்சாரம். அதனால் பேரக்குழந்தைகள் தொட்டாலும் பயமில்லை.

மின்சாரம் ஓட வேண்டுமானால் பித்தளை பளிச்சென்று இருக்க வேண்டும். இங்கத்திய ஈரத்தில் இரண்டே நாளில் கறுத்துவிடும். "புளி போட்டுத் தேய்ச்சா குத்துவிளக்கு மாதிரி ஆயிடுமே" என்றேன். இவர் பதறிப்போனார். புளியின் பிசுக்கு ஒட்டிக்கொண்டால் மின்சாரம் தடைபடுமாம். உலர்ந்த தேய்ப்பானை ஒரு கம்பில் கட்டி, தண்டவாளத்தின் மேல் முகத்தை மட்டும் தேய்க்க வேண்டும்.

இங்கேதான் டாக்டர் சொல்லியும் நடக்காதது நடந்தது. பாதை போய்த் திரும்ப முப்பது மீட்டர். தினமும் காலையில் தேய்ப்பானோடு ஒரு சுற்று, உதிர்ந்த இலை பொறுக்க ஒரு சுற்று, பறவைகள் கிளறிய ஜல்லியை நிரவ ஒரு சுற்று. எஞ்ஜின் தடம் புரண்டால் ஓட்டமும் நடையுமாக ஒரு சுற்று! முதல் மாதம் பத்து நிமிஷம் வெளியே நின்றவர் மூன்றாம் மாதம் ஒரு மணி நேரம் நின்றார். பிறகு ஜல்லி வாங்க வேண்டும் என்று தாமாகவே கடை வரைக்கும் நடந்து போனார். ரயில் மாரடைப்புக்கு மருந்து என்று நான் சொல்லவில்லை. மாத்திரையும் செக்கப்பும் தவறாமல் நடக்கின்றன. ஆனால் வாசற்படி தாண்ட அவருக்கு ஒரு காரணம் கிடைத்தது.

செடிகள் என் இலாகா. ரயில் பக்கத்தில் சாதாரணச் செடி வைத்தால் பூதம் மாதிரி தெரியும். இலை சின்னதாக இருக்க வேண்டும். தரையோடு படரும் தைம் எங்களுக்குப் புல்வெளி. குட்டை ரகப் பைன் இன மரங்கள் காடு. வசந்தத்தில் புதுத் துளிர் விடும்போதே நுனியைக் கிள்ளிவிட்டால் வருஷக்கணக்கில் அளவோடு நிற்கும். பாறை இடுக்கில் சீடம் வகைச் செடி வைத்தேன், தண்ணீர் கேட்காது. ஐஸ்கிரீம் குச்சியில் ஸ்டேஷன் செய்தேன். வார்னிஷ் இரண்டு கோட் அடித்ததால் இரண்டு மழைக்காலம் தாங்கியது. பெயர்ப் பலகையில் 'மாயவரம்' என்று தமிழில் எழுதினேன்.

2020-ல் ஊரடங்கு வந்தபோது நாங்கள் இருவரும் வெளியே போகவே இல்லை. தினம் நாலு மணிக்கு வேலிக்கு அந்தப் பக்கம் மூன்று குழந்தைகள் ஸ்டூல் போட்டு ஏறி நிற்பார்கள். வண்டி ஐந்து நிமிஷம் லேட்டானாலும் கேள்வி கேட்பார்கள்! அந்த நாட்களில் நாங்கள் பார்த்த வெளி முகங்கள் அவைதான்.

2022 குளிர்காலத்தில் இவர் நிமோனியாவில் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். "தண்டவாளம் கறுத்துடும், பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். பாதி நேரம் நான் ஆஸ்பத்திரியில். மீதி நேரம் வீட்டில் தனியாக, போன் மணி அடித்தால் நெஞ்சு படபடக்க. ஒரு நாள் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்ப் பாதையைத் தேய்த்தேன். வண்டியை விட்டேன். வீடியோ எடுத்து இவருக்கு அனுப்பினேன். மறுநாளும் அப்படியே. நாலாம் நாள் வீடியோ எடுக்கவில்லை. சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். குட்டி மரங்களுக்குப் பின்னால் வண்டி மறையும், நான் காத்திருப்பேன், அந்தப் பக்கம் வரும். அந்தக் கால் மணி நேரம் மனசில் வேறு எதுவும் இல்லை. அன்றைக்கு நான் ஓட்டியது எனக்காகத்தான்.

இவர் நல்லபடியாக வீடு திரும்பினார். இப்போது டிரைவர் வேலையில் எங்களுக்குள் போட்டி!

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். புதிதாக வாங்கினால் விலை அதிகம்தான். பழையதாக ஒரு எஞ்ஜின், ஒரு வட்டத் தண்டவாளம், இரண்டு கோச் வாங்கி ஆரம்பியுங்கள். பிடித்தால் வருஷத்துக்குக் கொஞ்சமாக நீட்டிக்கொண்டு போகலாம். வெளிநாட்டில் தோட்டம் உள்ள வீட்டில் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: வீட்டுக்காரர் தோட்டத்தில் ரயில் விடப்போகிறேன் என்றால் உடனே தலையில் கை வைக்காதீர்கள். பாதை எங்கே போக வேண்டும், எங்கே போகக் கூடாது என்பதை மட்டும் முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். கண்ட்ரோலரை ஓட்டவும் கற்றுக்கொள்ளுங்கள்!